ஜகதீச சந்திர வஸுவை நாம் அறிவோமா?

வேலூர் ஜில்லாவில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள பேரணாம்பட்டுக்குத் தோலே சோறு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களைப் போலவே இவ்வூரும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பி வருகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் மாறிக் குரோமிய உப்பும் சுழலும் பீப்பாய்களும் வந்தன. தோலை அளக்கும் முறையும் மாறியது. முன்னர் ஊசிச் சக்கரங்கள் வரிசையாய் அமைந்த யந்திரத்தின் அடியில் தோலைச் செலுத்துவார்கள். சக்கரம் உருண்ட அளவை ஒரு முள் காட்டும். இன்றோ, தோல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவதற்குள், வரிசையாய்ப் பதித்த மின்கண்கள் அது ஒளியை மறைத்த இடத்தையெல்லாம் உணர்ந்துவிடுகின்றன. உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி அவற்றைக் கூட்டிச் சதுர அடியை எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணே விலை. அந்த எண்ணே வழக்கு. அந்த எண்ணே இலாப நஷ்டம்.

அவ்வூர் அன்பர் சிலருடன் அத்தகைய யந்திரம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த மின்கண் எங்கே பிறந்தது என்று பேச்சு எழுந்தது. ஒருவர் ஜெர்மனி என்றார். மற்றொருவர் இத்தாலி என்றார். ஜப்பான் என்றும் ஒரு குரல் எழுந்தது. இந்தியா என்று சொன்னவர் எவருமிலர். ஜகதீச சந்திர போஸ் என்ற பெயரை நாம் எடுத்தபோது, ஒருவர் அவரை நேதாஜியின் உறவினர் என்று கருதினார். இளைஞர் ஒருவர், அப்பெயரில் விலையுயர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டி விற்கிறதே என்றார். செடிகளுக்கு உயிர் உண்டென்று சொன்னவர் அல்லவா என்றார் மூன்றாமவர். அவருக்கு மட்டும் பள்ளிப் பாடம் சிறிது நினைவிருந்தது.

அவர்களைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. சென்னையிலும் மதுரையிலும், ஏன், கணிப்பொறித் தொழிலால் வாழும் பெருநகரங்களிலும் இதே கேள்விக்கு இதே விடைதான் கிடைக்கும். பல கோடிக் கைப்பேசிகளை வைத்திருக்கும் தேசம், அக்கைப்பேசியின் வம்சாவளியில் தன் குடியைச் சேர்ந்தவர் ஒருவர் நிற்பதை அறியாதிருக்கிறது. இவ்வறியாமைக்குப் பத்திரிகைகளும் பொறுப்பே. ஆகவே, வங்காளத்தார் வஸு என்றும் ஆங்கில நூல்கள் போஸ் என்றும் வழங்கும் அப்பெரியாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறுகிறோம்.

ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இப்போது வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வஸு, சர்க்கார் உத்தியோகஸ்தர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியிலிருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே கௌரவம் என்று எண்ணினர். பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே ஜகதீசரின் ஒரு பக்கத்தில் தந்தையின் முஸ்லிம் ஏவலாளின் மகனும், மறுபக்கத்தில் மீனவர் மகன் ஒருவனும் அமர்ந்திருந்தனர். பறவை, மிருகம், நீர்வாழ் பிராணிகளைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தம்முள் இயற்கை ஆராய்ச்சியின் விதையை ஊன்றின என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். தாய்மொழியில் தொடங்கிய அறிவு உலகை எட்டாது என்போர் இதனைக் கவனிப்பார்களாக.

பின்னர் அவர் கல்கத்தாவில் ஸெயிண்ட் ஸேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் பௌதிக சாஸ்திரத்தைச் சோதனைகளால் கற்பித்து வந்தார். 1880-ல் ஜகதீசர் வைத்தியம் பயில இங்கிலாந்து சென்றார். இடையறாத காய்ச்சலால் வைத்தியப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். ராலே பிரபு போன்ற பேராசிரியர்களிடம் இயற்கை விஞ்ஞானம் கற்றுத் தாய்நாடு திரும்பினார்.

1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் பதவி கிடைத்தது. அதற்கு ரிப்பன் பிரபுவின் சிபாரிசு வேண்டியிருந்தது. இந்தியருக்குத் தத்துவமும் மொழியும் வரும், விஞ்ஞானம் வராது என்பது அன்றைய கல்வி அதிகாரிகளின் எண்ணம். சம்பளத்திலும் அந்த எண்ணமே ஆண்டது. ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்ற காரணத்தால் அதிலும் பாதியே ஜகதீசருக்கு என்றனர். அவர் வாதாடவில்லை, வேலையை விடவும் இல்லை. நாள்தோறும் வகுப்புக்குச் சென்றார். மூன்று ஆண்டுகள் அந்தச் சம்பளத்தைத் தொடவே மறுத்தார். தந்தையார் சுதேசத் தொழில்களில் பணம் போட்டுக் கடன்பட்டிருந்த காலம் அது. 1887-ல் மணந்த மனைவி அபலா தேவியும் அந்த வறுமையைப் பகிர்ந்துகொண்டார். இவ்வம்மையார் மணத்திற்குமுன் நமது சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். முடிவில் அதிகாரிகள் இறங்கி வந்து முழுச் சம்பளத்தை முன்தேதியிட்டுக் கொடுத்தனர். அத்தொகை குடும்பக் கடனைத் தீர்க்க உதவிற்று. சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறப்பதற்கு முன்னரே நடந்த சத்தியாக்கிரகம் இது.

நிற்க. அவர் செய்த ஆராய்ச்சி யாது?

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாய் வெளியில் பரவக்கூடும் என்று மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1860-களில் கணிதத்தால் காட்டினார். அவ்வலையை 1880-களின் இறுதியில் ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் சோதனைச் சாலையில் எழுப்பிக் காட்டினார். 1894-ல் ஹெர்ட்ஸ் இளமையிலேயே இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் முப்பத்தாறு வயது நிறைந்த நாளில், இனித் தம் வாழ்வு ஆராய்ச்சிக்கே என்று ஜகதீசர் சங்கற்பம் செய்துகொண்டார். அவருக்குக் கிடைத்தது கல்லூரியில் ஒரு சிற்றறை. உதவிக்கு வந்தவர் விஞ்ஞானம் பயிலாத ஒரு தகரத் தொழிலாளி. அன்று கல்கத்தாவில் இத்தகைய நுண்கருவி செய்வார் எவருமிலர். தாமே திட்டமிட்டு, அத்தொழிலாளியின் கையால் கருவிகளைச் செய்வித்தார்.

ஹெர்ட்ஸின் அலைகள் நீண்டவை. அவற்றைக் கொண்டு சோதனை செய்யப் பெரிய கூடம் வேண்டும். ஜகதீசர் ஐந்து மில்லிமீட்டர் அளவே உள்ள அலைகளை எழுப்பினார். வினாடிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் கோடி அதிர்வு உடையவை அவை. அலை சிறுத்ததால் முழுச் சோதனைச் சாலையும் ஒரு மேஜைமீது அடங்கிற்று. அலையைக் குழாய் வழியே செலுத்தினார், கொம்பு வடிவான புனலால் திரட்டினார், பட்டகத்தால் வளைத்தார். சணலை முறுக்கி வைத்து, அலை அதிரும் தளம் திரும்புவதைக் காட்டினார். ரெயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே தகரத் தாள் செருகி, ஒரு தளத்தில் அதிரும் அலையை மட்டும் விடும் சல்லடையாக்கினார். இல்லாமையே அவருக்கு ஆசிரியர் ஆயிற்று எனலாம்.

1895-ல் கல்கத்தாவில் பொதுமக்கள் கூடிய சபையில் கம்பியில்லாமல் சுவர்களை ஊடுருவி அலை சென்றது. தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இளைஞர் மார்க்கோனி இத்தாலியில் தம் வீட்டுத் தோட்டத்தில் முயன்றுகொண்டிருந்த ஆண்டும் அதுவே. 1896-ல் லண்டன் சர்வகலாசாலை ஜகதீசருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், ஃபாரடே பேசிய மேடையில், இவ்வங்காளியர் தம் சிறு கருவிகளுடன் நின்று பேசினார்.

அலையை எழுப்புவது ஒரு பாதி. வந்த அலையை அறிவது மறுபாதி. அன்று உலோகத் தூளை அடைத்த குழாய்களே அலையை அறியப் பயன்பட்டன. ஒருமுறை அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும். தட்டி உதிர்த்தால்தான் மறுமுறை வேலை செய்யும். ஜகதீசர் 1899-ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஓர் அறிகருவியை, டெலிபோன் காதுகுழலுடன் இணைத்து, ராயல் ஸொஸைட்டிக்கு விவரித்து எழுதினார். தட்டாமலே அது தானே பழைய நிலைக்கு வரும். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் சமுத்திரம் கடந்து வந்த சைகையை மார்க்கோனி கேட்டது இவ்வகைக் கருவியால்தான் என்றும், அதன் மூலம் ஜகதீசருடையது என்றும் 1998-ல் ஓர் ஆராய்ச்சியாளர் ஆதாரங்களுடன் வாதித்தார். இதில் கருத்து மாறுபடுவோரும் உளர். இவ்விவகாரம் எப்படித் தீரினும், அடுத்த செய்தியில் ஐயத்திற்கு இடமில்லை.

கலீனா என்பது ஈயமும் கந்தகமும் கலந்த ஒரு கனிப்பொருள். பார்வைக்குப் பளபளப்பான கல். அக்கல்லின்மீது மெல்லிய உலோக முனையொன்றை இலேசாகத் தொடவைத்தால், அவ்விணைப்பு மின்னலையை உணர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணர்கிறது. இதனை ஜகதீசர் கண்டு, கருவியாக்கி, 1901-ல் அமெரிக்காவில் காப்புரிமை கோரினார். 1904 மார்ச் 29-ஆம் நாள், 7,55,840 என்ற எண்ணுடன் அவ்வுரிமை அளிக்கப்பட்டது. இன்று குறைகடத்தி என்று நாம் அழைக்கும் பொருளைக் கொண்டு மின்னலையை அறியும் கருவிக்கு உலகில் கிடைத்த முதற் காப்புரிமை இதுவே. இத்தகைய கனிகளில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் ஓடும் என்பதை 1874-லேயே பிரௌன் என்ற ஜெர்மானியர் கண்டிருந்தார் என்பதையும் சொல்வது நியாயம். ஆனால் அலையைப் பிடிக்க அக்கல்லைக் கருவியாக்கியவர் நம்மவர்.

அந்தக் காப்புரிமையும் அவர் மனமுவந்து கேட்டதன்று. அறிவை விற்பது தகாது என்பது அவர் கொள்கை. 1901-ல் லண்டனில் தந்தித் தொழில் முதலாளி ஒருவர் இலாபத்தில் பங்கு தருவதாய் வலிய வந்தபோது அவர் மறுத்துவிட்டார். அச்செய்தியை நண்பர் ரவீந்திரநாதருக்கு வருத்தத்தோடு எழுதினார். சகோதரி நிவேதிதையும் ஸாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தியதனாலேயே விண்ணப்பம் சென்றது. உரிமை கிடைத்த பின்னும் அதனால் அவர் ஒரு காசு ஈட்டவில்லை. அது காலாவதியாக விட்டுவிட்டார்.

அதன்பின் அக்கல்லின் கதை நம் கையை விட்டுப் போயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு வைத்திருந்த முதல் ரேடியோப் பெட்டிகள் இத்தகைய கல்லையும் கம்பி முனையையும் கொண்டவை. பிறகு வெற்றிடக் குழாய்கள் வந்து கல்லை ஒதுக்கின. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களைக் கண்டறியும் ராடாருக்குச் சிற்றலைகள் தேவைப்பட்டன. அச்சிற்றலைகளை அறிய அன்றைய வெற்றிடக் குழாய்கள் பயன்படவில்லை. மறுபடியும் கல்லையே தேடினர். சிலிக்கன், ஜெர்மேனியம் ஆகியவற்றைத் தூய்மை செய்யும் வித்தை அந்த யுத்தத்தில்தான் வளர்ந்தது. அதன் பயனாய் 1947 டிசம்பரில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. ஜெர்மேனியத்தின்மீது உலோக முனை தொட்டுக்கொண்டிருந்த கருவிதான் அதுவும். 1958-ல் பல டிரான்ஸிஸ்டர்கள் ஒரே சில்லில் அடங்கும் வழி கண்டனர். கணிப்பொறி, கைப்பேசி, தோல் அளக்கும் யந்திரம் யாவும் அதன் சந்ததி. டிரான்ஸிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவராகிய பிராட்டன், 1955-ல் தம் சகாவுடன் எழுதிய சரித்திரத்தில், அலையை அறியக் குறைகடத்தியைப் பயன்படுத்தியதில் முதன்மை ஜகதீசருக்கே என்று ஒப்புக்கொண்டார். அயலார் ஒப்புக்கொண்டதை நாம் இன்னும் படிக்கவில்லை.

ஜகதீசரின் மனம் 1900-க்குப் பின் வேறு துறையை நாடியது. தம் கருவிகள் நெடுநேரம் வேலை செய்தால் களைப்புறுவதுபோல் தோன்றக் கண்டு, உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே எல்லை எங்கே என்று ஆராயலானார். செடிகளின் நுண் வளர்ச்சியை அளக்கும் கருவிகளைச் செய்தார். இலண்டன் உயிர்நூலார் சிலர் எதிர்த்தனர்; அவர் முடிவுகளில் சில இன்றளவும் ஏற்கப்படவில்லை; செடிகளுக்குள் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று யாவரும் ஒப்பிய உண்மை. 1917-ல் ஸர் பட்டம் வந்தது. அதே ஆண்டு, தம் பிறந்த நாளாகிய நவம்பர் 30-ல், கல்கத்தாவில் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சிக் கழகத்தைத் திறந்தார். 1920-ல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினரானார். நம் பாரதியாரும் தம் கட்டுரைகளில் அவரைப் போற்றி எழுதினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அவர் ஆவி பிரிந்தது. அவரிடம் பயின்ற மாணவருள் சத்தியேந்திரநாத வஸு ஒருவர், மகாலனோபிஸ் மற்றொருவர். இந்தியாவுக்கு முதற் கணிப்பொறி 1955-ல் வந்து சேர்ந்தது அந்த மகாலனோபிஸ் நிறுவிய கல்கத்தாப் புள்ளியியல் கழகத்திற்கே. எனவே கணிப்பொறி நம் தேசத்தில் நுழைந்த வாசலிலும் ஜகதீசரின் மாணவர் ஒருவர் நின்றார்.

இச்சரித்திரத்தை அறியாமை ஒரு குற்றமா என்று சிலர் கேட்கலாம். கல்லைக் கண்டவர் யாராயிருந்தால் என்ன, யந்திரம் சரியாய் அளந்தால் போதாதா என்பர். அவர்களுக்கு விடை தோல் தொழிலிலேயே இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் சென்னை மாகாணம் பாதிப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றியது. அதை முழுமைப்படுத்திச் செருப்பும் பையுமாக்கி இலாபம் கண்டவர் அந்நியர். சுதந்திரத்திற்குப் பின்னும் நெடுங்காலம் அவ்வழக்கம் நீடித்தது. 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1970-களில் பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்திற்று. அதன் பின்னரே ஆம்பூரும் பேரணாம்பட்டும் முழுத் தோலும் பாதரட்சையும் செய்து உலகச் சந்தையில் தலைநிமிர்ந்தன. பச்சைத் தோலைக் கொடுத்துவிட்டுப் பாதரட்சையை விலைக்கு வாங்கும் அவமானம் யாதென்று இப்பகுதியாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஜகதீசரின் கல்லும் அவ்வாறே போயிற்று. அறிவைப் பாதிப் பதனிட்டு அனுப்பினோம். சில்லாக விலைக்கு வாங்குகிறோம். இதற்கு அவரைக் குறைகூறுவது தகாது. தகரத் தொழிலாளியையன்றி வேறு துணையில்லாத அடிமை நாட்டில், தனி மனிதர் ஒருவர் அதற்குமேல் செய்ய இயலாது. அவருக்குப் பின்னே பட்டறை வேண்டும், முதல் வேண்டும், அவர் எழுதியதைப் படித்துத் தொடரும் நூறு இளைஞர் வேண்டும், அவை இல்லை. காசு வேண்டாமென்றது அவருடைய துறவு. அத்துறவைப் புகழ்ந்துவிட்டு, அவர் விட்ட இடத்தில் தொடங்காதது நம்முடைய சோம்பல்.

இன்னொரு நோயும் உண்டு. அஃது அறியாமையினும் கொடியது. ரேடியோ முழுவதையும் ஜகதீசரே கண்டார், மார்க்கோனி திருடினார், ஏன், கணிப்பொறியே நம் பழைய ஏடுகளில் இருக்கிறது என்று மேடையில் முழங்குவோர் இருக்கின்றனர். கைதட்டல் கிடைக்கும், அயலார் ஒரு வினா எழுப்பினால் வாய் அடைபடும். ஜகதீசருக்கு நம் மிகைப்புகழ் தேவையில்லை. மாக்ஸ்வெல், ஹெர்ட்ஸ், பிரௌன் ஆகியோருக்கு உரியதை அவர்களுக்குக் கொடுத்த பிறகும், அவருக்கென்று மிஞ்சுவது மலைபோல் நிற்கிறது. தோலைக் கூட்டி அளப்பவனும் குறைத்து அளப்பவனும் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள், சரித்திரத்திலும் அவ்வாறே. சதுர அடி சரியாயிருக்க வேண்டும்.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது சிறிய காரியமே. ஆண்டுதோறும் நவம்பர் 30-ஆம் நாளன்று பேரணாம்பட்டுப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் இவர் சரித்திரத்தைத் தமிழிலும், உருதுவில் பயிலும் பிள்ளைகளுக்கு உருதுவிலும் சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல், ஒரு துண்டு கலீனாவும் கம்பிச் சுருளும் காதுகுழலும் வாங்கி, மின்கலமே இல்லாமல் ரேடியோ பேசுவதைப் பிள்ளைகள் தங்கள் காதால் கேட்கச் செய்யுங்கள். தோல் அளக்கும் யந்திரத்தின் மூடியைக் கழற்றி, அக்கண் எவ்வாறு காண்கிறது என்று ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குக் காட்டுங்கள். யந்திரத்தின் எண்ணை நம்பி வாழ்வோர் அவ்வெண் எப்படிப் பிறக்கிறது என்று அறிந்தால், அளவில் ஏமாறவும் மாட்டார்கள். அடுத்த யந்திரத்தைத் தாமே செய்யவும் துணிவார்கள்.

தகரத் தொழிலாளி ஒருவரின் கையும் ரெயில் அட்டவணைப் புத்தகமும் கொண்டு ஐந்து மில்லிமீட்டர் அலையை எழுப்பியவர் பிறந்த தேசம் இது. பேரணாம்பட்டில் தேர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.